மீசை எடுத்த சனிக்கிழமை

மலேசியாவின் கிள்ளான் நகரில், அடுக்குமாடி வீடு ஒன்றின் கூடத்தில் பாயை விரித்து, யுகேந்திரன் தன் கடைசி நம்பிக்கையை அதன்மேல் பரப்பி வைத்திருந்தான். ஒரு காற்றுச் சிலிண்டர். வாயில் கவ்வி மூச்சு விட ஒரு ரெகுலேட்டர். தண்ணீரில் மிதக்கவும் அமிழவும் உதவும் ஜாக்கெட். ரப்பர் உடை. ஈயக்கட்டிகள் கோத்த இடுப்பு வார். எல்லாமே யாரோ பயன்படுத்தி முடித்தவை. ஒன்றுக்கொன்று சேருவேனா என்று அடம் பிடித்துக்கொண்டிருந்தன.

தெலுக் பங்லிமா காராங்கில் அவன் வேலை பார்த்த மரச்சாமான் தொழிற்சாலை மூடப்பட்டதிலிருந்து அவனுக்கு நிலையான வேலை இல்லை. இளவயதில் தியோமான் தீவில் படகில் வேலை செய்தபோது முறையாக முக்குளிக்கக் கற்று, அதற்கான அட்டையும் வாங்கியிருந்தான். அதை நம்பித்தான் மீன் பண்ணையின் மேற்பார்வையாளர் பாலனைத் தேடிப் போனான். பூலாவ் கெத்தாம் தீவுக்குப் பக்கத்தில் கடலுக்குள் மிதக்கும் மீன் கூண்டுகள். அடியில் இறங்கி வலையின் கிழிசலைத் தைக்க ஆள் தேவைப்பட்டது.

"ஆளு வேணும் தம்பி. ஆனா கம்பெனி சாமான் கிடையாது. சொந்த செட்டு கொண்டு வரணும்," என்றார் பாலன். "சனிக்கிழமை தவுக்கே முன்னால எறங்கிக் காட்டு. மூச்சு முட்டிச்சு, தண்ணி பூந்துச்சுன்னு பாதியில மேல வந்தா அவ்வளவுதான். ஒரே சான்ஸ் லா."

தவுக்கே என்பது பண்ணையின் சீன முதலாளி. அந்த ஒரே வாய்ப்பும் போனால் என்ன ஆகும் என்று யுகேந்திரனுக்குத் தெரியும். மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்ய வேண்டும். மனைவி சந்திரகலா மகளை அழைத்துக்கொண்டு சாலாக் செலாத்தானில் இருக்கும் அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவாள். அங்கே இன்னொருவருக்கு இடமில்லை. பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்து கிடக்கும் அவன் அப்பா திருச்செல்வம், மேருவில் ஏதோ ஒரு முதியோர் இல்லத்தில் யார் முகத்தையோ பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டும். 

ரெகுலேட்டரை கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் மார்க்கிரட் என்ற அம்மாளிடம் வாங்கினான். அவருடைய கணவர் யோகநாதனுக்கு இருதய ஆபரேஷன் ஆன பிறகு டாக்டர் கடலை மறக்கச் சொல்லிவிட்டார்.

"இத வித்தேன்னு தெரிஞ்சா மனுஷன் அழுவாரு. அதான் செக்கப் போன நேரமா பாத்து உங்கள வரச் சொன்னேன்," என்றார் மார்க்கிரட்.

"இன்னும் கொஞ்சம் கொறைங்க ஆன்டி."

"இதுக்கு மேல கொறைச்சா நான்தான் உங்களுக்கு டோல் காசு குடுத்து அனுப்பணும்."

வீட்டுக்கு வந்து சிலிண்டரில் மாட்டப் பார்த்தான். மாட்டவில்லை. ரெகுலேட்டர் திருகி மாட்டும் வகை. மேருவில் ஒரு பழைய சாமான் கடையில் தேடிப் பிடித்த சிலிண்டரின் வாயோ, மேலிருந்து கவ்விப் பிடிக்கும் வகை. சோதனை முத்திரை காலாவதியாகாத சிலிண்டர் அந்த ஒன்றுதான் கிடைத்தது. இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு, கல்யாணம் பேசி முடித்தபின் ஜாதகம் பொருந்தவில்லை என்று கேட்ட தகப்பனைப் போல அவன் உட்கார்ந்திருந்தான்.

மறுநாள் மறுபடியும் பிரிக்பீல்ட்ஸ்.

"ரெண்டையும் சேக்குற மாதிரி ஒரு பித்தளைத் துண்டு இருக்கும் ஆன்டி. அங்கிள் வச்சிருந்தாரா?"

மார்க்கிரட் யோசித்தார். மாதா படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. அதன் அடியில், உருகிய மெழுகு மூடிப்போய், அந்தப் பித்தளைத் துண்டு உட்கார்ந்திருந்தது.

"மாதாவோட சாமானைக் கேக்குறீங்க. சும்மா குடுக்க முடியாது. கிச்சன் சிங்க் அடைச்சிருக்கு, எடுத்து விடுங்க."

அவன் சட்டையைக் கழற்றிவிட்டு சிங்க்குக்கு அடியில் நுழைந்தான்.

இப்படித்தான் ஒவ்வொன்றும் சேர்ந்தது. ஜாக்கெட்டின் காற்றுக் குழாய் பொருந்தாமல், வேறு குழாய் தேடி மாற்றினான். ரப்பர் உடையில் இரண்டு யுகேந்திரன் நுழையலாம் போலிருந்தது. சந்திரகலா தூண்டில் நரம்பால் இரு பக்கமும் பிடித்துத் தைத்தாள்.

"இந்த அக்கறைய என் தீபாவளிச் சேலைக்குக் காட்டியிருந்தா நான் எங்க இருந்திருப்பேன்," என்று தைத்துக்கொண்டே சொன்னாள். அன்றுதான் பல வாரங்களுக்குப் பிறகு அந்த வீட்டில் இருவரும் சிரித்தார்கள்.

கடைசியாக வந்தது கண்ணையும் மூக்கையும் மூடும் மாஸ்க். கையில் மிஞ்சியிருந்த காசுக்கு அது ஒன்றுதான் கிடைத்தது. அதன் ரப்பர் விளிம்பு பழசாகி விறைத்திருந்தது. வெள்ளிக்கிழமை, பெரிய வாளியில் தண்ணீர் பிடித்து முகத்தை அமிழ்த்திப் பார்த்தான். மீசை வழியாகத் தண்ணீர் சரசரவென்று மூக்குக்குள் ஏறியது. மீசையில் வாஸ்லின் தடவினான். ஏறியது. மூக்குக்குக் கீழே ஒரு கோடு மட்டும் கத்தரித்தான். அப்போதும் ஏறியது. விறைத்த ரப்பருக்கு வழவழப்பான தோல் வேண்டும்.

இருமிக்கொண்டே நிமிர்ந்தவனைப் பார்த்து சந்திரகலாவின் முகம் வெளுத்தது.

"வேணாங்க. மாமா உயிரோட இருக்காரு."

அவள் சொன்னதன் அர்த்தம் அவனுக்குத் தெரியாதா? அவர்கள் குடும்பத்தில் மகன் மீசையை எடுப்பது பெற்றவர்களுக்குக் கொள்ளி வைக்கும் நாளில்தான். அம்மாவுக்கு ஒருமுறை எடுத்துவிட்டான். இனி எடுப்பதென்றால் அது ஒருவருக்குத்தான். உள்ளறையில் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும் மனிதருக்கு, உயிரோடிருக்கும்போதே இறுதிக் காரியத்தைத் தொடங்குவதா?

"எடுக்கலன்னா அவர மேருவுக்கு அனுப்பணும் சந்திரா. எது பாவம்னு நீயே சொல்லு."



சனிக்கிழமை விடிந்ததும் கத்தி மீசையில் பட்டது. கண்ணாடியில் தெரிந்த முகத்தை அவனால் பார்க்க முடியவில்லை; கண்ணீர் கன்னத்தில் வழிந்து சோப்பு நுரையோடு கலந்தது. நோய்த்தொற்றுக் காலத்தில் வாங்கிய துணிக் கவசத்தால் வாயை மூடிக்கொண்டான். அப்பாவின் அறையை எட்டிப் பார்க்காமலே சாமான்களைப் பழைய ‘கஞ்சில்’ என்னும் சின்னக் காரில் ஏற்றிக் கிளம்பினான்.

வழியில், கிள்ளான் கடைத்தெருவில் தேநீர் குடிக்கக் கவசத்தைக் கீழே இறக்கினான். அதுதான் அவன் செய்த தவறு. எதிர்ச்சாரியில் பூக்கடை வைத்திருந்தவர் வீரம்மா, அவன் அப்பாவின் கூடப்பிறந்த தங்கை. மருமகனின் மழித்த உதட்டைப் பார்த்தார். அவன் மறுபடி முகத்தை மூடிக்கொண்டு, கண் சிவக்க, யாரிடமும் பேசாமல் காரில் ஏறிப் போவதைப் பார்த்தார். கட்டிக்கொண்டிருந்த மாலை கையிலிருந்து நழுவியது. அவனுக்குப் போன் செய்தார், எடுக்கவில்லை. சந்திரகலாவுக்குச் செய்தார். அவள் மாமனாரைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள், எடுக்கவில்லை. இதற்கு மேல் என்ன வேண்டும்? குடும்ப வாட்ஸாப் குழுவில் வீரம்மாவின் அழுகுரல் போய் விழுந்தது: "எங்கண்ணன் போயிட்டாரு."

அந்தச் செய்தி பரவிக்கொண்டிருந்த நேரம் யுகேந்திரன் கலங்கிய பச்சைத் தண்ணீருக்கு அடியில் இருந்தான். மாஸ்க்குக்குள் ஒரு சொட்டு இறங்கவில்லை. மாதாவின் பித்தளைத் துண்டு காற்றைக் கசியவிடவில்லை. தடவித் தடவிக் கிழிசலைக் கண்டுபிடித்துத் தைத்தான். மேலே வந்தபோது, தொப்பி போட்ட தவுக்கே தலையை அசைத்து அடுத்த கூண்டைக் காட்டினார். அதையும் முடித்தால் வேலை அவனுக்கு.

பாலன் அவன் போனை நீட்டினார். "விடாம அடிக்குது தம்பி. என்னன்னு பாரு."

திரை முழுக்கக் கைகூப்பிய படங்கள். ஆழ்ந்த அனுதாபங்கள். பாடி எப்ப எடுக்கிறாங்க என்று யாரோ ஒரு சொந்தக்காரர். சந்திரகலாவின் போன் ஓயாமல் எங்கேஜ்.

அவன் மரப்பலகையில் அப்படியே மண்டியிட்டான்.

"நான்தாண்ணே கொன்னுட்டேன். காலையில எடுத்தேன், அதுக்குள்ள போயிட்டாரு."

"இன்னும் ஒரு கூண்டுதான். அரை மணி நேரம்," என்றார் பாலன். "போனவரு எங்க போயிடப் போறாரு லா." சொன்ன மறுநிமிடம் அவரே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

இறங்குவதா, வீட்டுக்குப் போவதா? இறங்கினால் வேலை. ஆனால் யாருக்காக அந்த வேலையோ, அவரே இல்லையே. ரப்பர் உடையோடு, போனையும் கார்ச் சாவியையும் மட்டும் எடுத்துக்கொண்டு, ஐஸ் இறக்கிவிட்டுக் கரைக்குத் திரும்பும் படகில் ஏறினான். சாமான்கள் எல்லாம் கூண்டின்மேல் கிடந்தன. படகு போன அந்த நேரம் முழுவதும், மறுபடி போனைப் பார்க்கத் துணியாமல், காலையில் அப்பாவின் அறையை எட்டிக்கூடப் பார்க்காமல் வந்ததை நினைத்து அவன் தலையில் அடித்துக்கொண்டே வந்தான்.

வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்திருந்தன. உள்ளே அத்தையின் அழுகுரல். சனத்தை விலக்கிக்கொண்டு ஓடினான்.

அப்பா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மடியில் அவருக்கென்று கட்டிய மாலை. காலடியில் வீரம்மா.

"உசிரோட இருக்குற அப்பனுக்கு மீசைய எடுத்திருக்கியேடா பாவி," என்று வீரம்மா அவன் முதுகில் அறைந்தார். "நாப்பது மொழம் பூ. ஊரையே கூட்டிட்டேன். இப்ப நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு கடை தெறப்பேன்?"

யுகேந்திரன் அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு விம்மினான். சந்திரகலா நடந்ததை எல்லாம் மாமனாரிடம் முன்பே சொல்லியிருந்தாள். அவர் கனத்த நாக்கைப் புரட்டி ஒரு வார்த்தை கேட்டார்.

"வேல?"

அவன் இல்லையென்று தலையாட்டினான்.

அப்போது போன் அடித்தது. எடுத்ததும் குரல் அறை முழுக்கக் கேட்டது. பாலன்.

"தம்பி, கவலப்படாத. தவுக்கே கிட்ட அப்பா செத்துட்டாருன்னு சொன்னேன். மனுஷன் கண்ணு கலங்கிட்டாரு. அவரும் அப்பாவ இப்பதான் பறிகொடுத்தாரு. ரெண்டாவது கூண்டு வேணாம், ஒனக்கே வேலன்னுட்டாரு. காரியத்த முடிச்சிட்டு வா."

யுகேந்திரன் வாய் திறந்தான்.  உண்மையைச் சொன்னால், பாதியில் ஓடிய ஆள் என்று வேலை போகும். சொல்லாவிட்டால், எதிரே உட்கார்ந்திருப்பவரைத் தன் வாயாலேயே சாகடிக்க வேண்டும்.

"என்ன தம்பி, இருக்கியா? போனது அப்பா தானே?"

"வேணாங்க," என்று சந்திரகலா கிசுகிசுத்தாள்.  திருச்செல்வம் மகனையே பார்த்துக்கொண்டிருந்தார். இடது கையை மெல்லத் தூக்கி, போ, சொல் என்பது போல அசைத்தார்.

"ஆமாண்ணே," என்றான் யுகேந்திரன். "அப்பா... போயிட்டாரு."

மறுமுனையில் பாலன் ஆறுதல் சொல்லிக்கொண்டே இருந்தார். எதுவும் அவன் காதில் ஏறவில்லை. போன் கையிலிருந்து கட்டிலில் விழுந்தது. அப்பாவின் இடது கை அவன் முகத்தைத் தேடி வந்து, மழித்த உதட்டின்மேல் நின்றது.

"வளந்துரும்," என்றார்.

அவன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான். மாஸ்க்கில் தண்ணீர் புகாமல் இருக்க இனி ஒவ்வொரு காலையும் கத்தி எடுக்க வேண்டும் என்பதை அவன் சொல்லவில்லை.

வீரம்மா மாலையை எடுத்துப் பைக்குள் திணித்தார். திருச்செல்வம் மருமகள் பக்கம் திரும்பி, பசிக்கிறது என்று வாயைக் காட்டினார்.