நான் எழுதிய அடிக்குறிப்பு

எங்கள் திம்புள்ளைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். வயதான பிறகும் இதைப் பெருமையோடுதான் சொல்கிறேன். ஹட்டனில் ரயிலேறி, பொல்கஹவெலையில் மாறி, யாழ்ப்பாணத்தில் இறங்கியபோது என் தகரப்பெட்டியில் இரண்டு சட்டையும் ஒரு பொட்டலம் தேயிலைத் தூளும் இருந்தன.

அந்த நகரம் எனக்கு அள்ளிக் கொடுத்தது. வாடகைச் சைக்கிளில் புத்தகக் கடைகளைச் சுற்றினோம். கோயில் வீதி மணலில் உட்கார்ந்து பட்டிமன்றம் கேட்டோம். தேநீர்க் கடைக்காரர்கூடக் கம்பனைப் பற்றி எங்களோடு மல்லுக்கு நிற்பார். முதல் வருடமே மாணவர் சஞ்சிகைக்கு ஒரு கதை எழுதினேன்.

கதை அம்மாவைப் பற்றியது. காலையில் தொழிலாளர்கள் வேலைக்குப் பெயர் கொடுக்கக் கூடுவதைத் தோட்டத்தில் பெரட்டு என்போம். ஒருநாள் நான் காய்ச்சலில் கிடந்ததால் அம்மா பெரட்டுக்குப் பிந்திப் போனார். கணக்கப்பிள்ளை வேலை இல்லையென்று திருப்பி அனுப்பிவிட்டார். அவ்வளவுதான் கதை.

சஞ்சிகைக்கு ஆசிரியராக இருந்த சக மாணவன் வாசித்துவிட்டுச் சிரித்தான்.

"மச்சான், உதென்ன பெரட்டு? புரட்டோ?"

"எங்க தோட்டத்துச் சொல்லு."

"நல்லாத்தான் கிடக்கு. அப்பிடியே இருக்கட்டும். விளங்காத ஆக்களுக்குக் கீழை ஒரு குறிப்புப் போடு."

அவன் கேட்டது பொருளை மட்டும். நான் எழுதியது இது: 'பெரட்டு - காலையில் ஆள் கணக்கெடுத்தல். படிப்பறிவில்லாத தோட்டத்தார் வழங்கும் பிழைச்சொல்.' இரண்டாவது வாக்கியத்தை யாரும் என்னிடம் கேட்கவில்லை. நான் அவர்களில் ஒருவன் அல்ல என்று காட்டிக்கொள்ளவே எழுதினேன்.

விடுமுறையில் அம்மாவுக்குக் கதையை வாசித்துக் காட்டினேன். அவருக்கு எழுத்துத் தெரியாது. அடிக்குறிப்பை விட்டுவிட்டேன்.

"நம்ம பெரட்ட யாழ்ப்பாணத்துல அச்சுல போட்டிருக்காங்கடி!" என்று எங்கள் வரிசை வீடுகளான லயம் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார். "அந்தக் கணக்கப்பிள்ள மூஞ்சியையும் போட்டிருக்கலாம்ல?" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. அம்மா சஞ்சிகையைச் சாமிப் படத்தின் பின்னால் பத்திரப்படுத்தினார். கடைசிவரை உண்மையை நான் அவரிடம் சொல்லவில்லை.

இப்போது என் பேத்தி அதே நகரில் தமிழ் படிக்கிறாள். தோட்டத்துப் பேச்சைப் பற்றி ஆய்வு எழுதுகிறாள். போன வாரம் அவளிடமிருந்து அழைப்பு வந்தது.

"தாத்தா, பழைய சஞ்சிகையில ஒங்க கத கெடைச்சிருச்சு. அடிக்குறிப்பையும் பார்த்தேன்."

அவளே தொடர்ந்து கேட்டாள்.

"ஏன் தாத்தா அப்படி எழுதினீங்க?"

"வெக்கப்பட்டேம்மா."

"ஆய்வுல அதக் காட்டணும். ஒங்க பேர விட்டுரவா?"

"வேணாம், பேரோட போடு. அந்தச் சொல்லு சரி, எழுதுனவன்தான் பிழைன்னும் போடு."

அவள் சிரித்தாள். "அதெல்லாம் ஆய்வுல போட முடியாது தாத்தா. அடுத்த வாரம் எல்லார் முன்னுக்கும் வாசிக்கிறேன். நீங்களே வந்து சொல்லுங்க. நான் முதல் வரியிலயே பெரட்டுன்னு எழுதிட்டேன், கீழ குறிப்பே போடல."

அவள் துணிச்சலில் பாதி அன்று எனக்கு இருந்திருந்தால் போதும். சாமிப் படத்தின் பின்னாலிருந்து அந்தச் சஞ்சிகையை எடுத்துப் பையில் வைத்துவிட்டேன். ரயிலுக்கு இடமும் பதிவு செய்தாயிற்று.