நாற்பது நாற்காலியும் ஒரு விருந்தாளியும்

வெள்ளிக்கிழமை, மதியம் இரண்டு மணி. மதுரை மாட்டுத்தாவணியில் ராஜபாளையம் பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. இந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த ஒரே நல்ல விஷயம் அதுதான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டிக்கெட் தொண்ணூறு ரூபாய், தூரம் எண்பத்தைந்து கிலோமீட்டர். நான்குவழிச் சாலை வேலை நடப்பதால் நினைத்ததைவிட அரைமணி கூடுதலாகவே ஆனது.

நான் மலை பார்க்கவோ கோயில் பார்க்கவோ கிளம்பவில்லை. பேண்டேஜ் துணியைச் சுருட்டி, உறையில் போட்டு ஒட்டித் தரும் இயந்திரம் ஒன்றை எங்கள் கம்பெனி விற்கிறது. ராஜபாளையத்தைச் சுற்றிய ஊர்களில் பேண்டேஜ் துணி நெய்கிறவர்கள் ஏராளம். அவர்களில் நாற்பது முதலாளிகளை ஒரே இடத்தில் கூட்டி, இயந்திரத்தை ஓட்டிக் காட்டி, புக்கிங் வாங்கிவிடலாம் என்பது ஏற்பாடு. சென்னையிலிருக்கும் எம்.டி. கிளம்பும் முன் போனில் கூப்பிட்டு, "மாசக் கடைசிக்குள்ள அஞ்சு புக்கிங் வரலேன்னா மதுரை ஆபீஸை மூடிடலாம்னு இருக்கோம்" என்றார். மதுரை ஆபீஸ் என்றால் நானும், செல்வம் என்ற பையனும்தான். அவனுக்குப் போன வைகாசியில்தான் கல்யாணம் ஆனது. எனக்கு ஐம்பத்திரண்டு வயது. இந்த வயதில் புது வேலைக்கு மனுப் போட்டால் என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும்.

ஆடி மாதத்தில் யாரும் புது மிஷினுக்கு அட்வான்ஸ் தரமாட்டார்கள் என்று எம்.டி.யிடம் சொல்லிப் பார்த்தேன். "ஜவுளிக்கடைக்காரன் ஆடியிலதான் அள்ளுறான்" என்று சிரித்தார். அதற்குமேல் என்ன சொல்ல? சம்பளம் கொடுக்கிறவர் சிரித்தால் நாமும் சேர்ந்து சிரிக்க வேண்டியதுதான்.

மாலை ஐந்து மணி. ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து மேற்கே, மலையடிவாரத்தில் கூட்டத்துக்குப் பிடித்திருந்த ரிசார்ட் வரை ஆட்டோ. முந்நூற்றைம்பது ரூபாய் கேட்டார் டிரைவர். பேரம் பேசினேன்.

"எக்கா, திரும்பி வாரப்ப காலியாத்தான் வரணும். அங்கெல்லாம் யாரு வாரா இப்ப?" என்றார்.

மாந்தோப்புகளுக்கு நடுவே போன சாலை போகப்போக ஒல்லியாகி, கடைசியில் ஒரு இரும்புக் கதவின் முன்னால் நின்றுவிட்டது.

இணையத்தில் எம்.டி. எனக்குக் காட்டிய படத்தில் நீல நிற நீச்சல் குளமும் பின்னால் பச்சை மலையும் இருந்தன. மலை இருந்தது. அதை யாராலும் கெடுக்க முடியாது என்பதால் அது மட்டும் தப்பித்திருக்கிறது. குளம் பாசி பிடித்துப் பச்சையாகிக் கிடந்தது. அதன் ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கவிழ்ந்து கால்களை மேலே நீட்டிக்கொண்டிருந்தது. பெயர்ப் பலகையில் பாதி எழுத்துகளைக் காணோம். வரவேற்பு, ரூம் சர்வீஸ், காவல் எல்லாவற்றுக்கும் சேர்த்து மாரியப்பன் என்று ஒரே ஒரு ஆள். நல்ல மனுஷன், எதற்கும் கவலைப்படாத பிறவி.

"டீலக்ஸ் ரூம் போட்ருக்கேன் மேடம். ஏசி ஓடும். ஓடுனா தண்ணி சொட்டும். வாளி வச்சிருக்கேன்."

"ஓடாட்டா?"

"ஓடாட்டா சொட்டாது மேடம்."

அறை வாடகை நாளொன்றுக்கு இரண்டாயிரத்து எண்ணூறு ரூபாய். சுவரில் ஈரம் ஏறி, கட்டில் தலைமாட்டில் ஒரு தேசப்படமே உருவாகியிருந்தது. சுடுதண்ணீர்க் குழாயைத் திருகினால் காற்று வந்தது. சுடுதண்ணீர் காலையில் ஏழு மணிக்கு வாளியில் வரும் என்றும், கதவைத் திறந்து வைத்தால் குரங்கு வந்து சோப்பைத் தூக்கிக்கொண்டு போய்விடும் என்றும் மாரியப்பன் சொல்லிவிட்டுப் போனார். ஆடிக் காற்று ஜன்னல் கதவுகளை ஓயாமல் அறைந்துகொண்டிருந்தது. இந்த இடத்துக்கா நாற்பது முதலாளிகளை வரச் சொல்லியிருக்கிறேன் என்று நினைக்க, சாப்பாடு இறங்கவில்லை. வருகிறவர்கள் இயந்திரத்தைத்தானே பார்க்கப்போகிறார்கள், சுவரையா பார்க்கப்போகிறார்கள் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

சனிக்கிழமை, காலை பத்தரை மணி. கூட்டம் தொடங்க வேண்டிய நேரம். முன்தினமே செல்வம் குட்டியானை வண்டியில் இயந்திரத்தைக் கொண்டுவந்து, ஹாலில் பொருத்தி, ஓட்டிப் பார்த்துவிட்டு மதுரை திரும்பியிருந்தான். அதற்கு எதிரே வெள்ளை உறை போட்ட நாற்பது நாற்காலிகள். நான் பட்டுப்புடவையில் வாசலில் நின்றேன். கையில் சந்தனக் கிண்ணம் இல்லாததுதான் பாக்கி. வாசலில் கட்டியிருந்த ஃபிளெக்ஸ் பேனரைக் காற்று கிழித்துவிட்டது. எங்கள் இயந்திரத்தின் படம் இரண்டாகப் பிளந்து படபடத்தது.

பதினொன்று ஆனது. ஒருவரும் வரவில்லை. சிலருக்குப் போன் போட்டேன். "பாப்போம்மா" என்றார் ஒருவர். மற்றவர்கள் எடுக்கவில்லை. பத்து நாட்களுக்கு முன்பு எல்லாருக்கும் வாட்ஸப்பில் அழகான அழைப்பிதழ் அனுப்பியிருந்தேன். பெரும்பாலானவர்கள் கும்பிடும் கை போட்டுப் பதில் அனுப்பியிருந்தார்கள். அந்தக் கைகளை நம்பித்தான் நாற்பது பேருக்குச் சாப்பாடு சொல்லியிருந்தேன். பின்பக்கம் சாம்பார் கொதிக்கும் மணம் வந்தது.

"வந்துருவாக மேடம். பெரிய ஆளுக, செத்த நேரம் ஆகும்" என்றார் மாரியப்பன்.

பன்னிரண்டு மணி ஆகப்போகும்போது ஒரு மொபெட் உள்ளே வந்தது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தொப்பி. ஸ்ரீவில்லிபுத்தூர் காதர் பாய் என்று தன்னைச் சொல்லிக்கொண்டார். என் பட்டியலில் இருந்த பெயர்தான். நான் ஓடிப்போய், "வாங்க பாய், வாங்க! மத்தவங்க பின்னால வராங்களா?" என்றேன்.

அவர் உட்காரவில்லை. "யாரும் வரமாட்டாகம்மா. அதச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன். நீங்க பாட்டுக்குச் சோத்த ஆக்கி வச்சுக் காத்துக்கிட்டு இருப்பீக. போன்ல சொன்னா நல்லாருக்காதுல்ல?"

"ஏன் பாய்? எல்லாருக்கும் அனுப்பினேனே!"

"அனுப்புனீக. வந்து கூப்பிட்டீகளா?"

நான் கையிலிருந்த போனைப் பார்த்தேன்.

"ஒரு காதுகுத்துக்குக்கூட நேர்ல வந்து சொல்லாட்டா இங்க போகமாட்டாகம்மா, கூடப் பொறந்த தங்கச்சி வீடா இருந்தாலும் சரி. ஒரு எட்டு வந்து தலையக் காட்டியிருந்தா அம்புட்டுப் பேரும் வந்துருப்பாக. அதுலயும் ரிசார்ட்டுன்னு போட்டுட்டீக. இங்க வாரவன் பூராம் சீட்டாட வாரவன். வீட்ல என்ன சொல்லிட்டுக் கெளம்புவான்?"

நான் அங்கிருந்த நாற்காலி ஒன்றில் உட்கார்ந்துவிட்டேன். இதை எனக்கு யாராவது சொல்லித்தர வேண்டுமா? சென்ற வருடம் எங்கள் சித்தப்பா தன் மகள் கல்யாணப் பத்திரிகையை வாட்ஸப்பில் அனுப்பினார் என்பதற்காக, "நம்மளை அவ்வளவுதான் மதிக்கிறாங்க" என்று சொல்லிப் போகாமல் இருந்தவள் நான். வீட்டு விசேஷத்துக்கு ஒரு நியாயம், வியாபாரத்துக்கு ஒரு நியாயம் என்று நானாக நினைத்துக்கொண்டேன். இந்த ஊரில் இரண்டும் ஒன்றாகத்தான் இருந்திருக்கிறது.

வந்தவருக்காவது காட்டுவோம் என்று அவரை உட்காரவைத்து இயந்திரத்தை ஓட்டினேன். முப்பத்தொன்பது காலி நாற்காலிகளுக்கு முன்னால் அது சமர்த்தாகப் பேண்டேஜைச் சுருட்டியது, உறையில் போட்டது, ஒட்டித் தள்ளியது. பாய் ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "நல்லாருக்கும்மா" என்றார். எனக்கு ஆசை வந்துவிட்டது.

"பாய், நீங்களாவது ஒண்ணு புக் பண்ணுங்களேன்."

"எங்கிட்டத் தறியே இல்லையேம்மா. வித்து மூணு வருசமாச்சு. இப்ப மெத்தைப் பஞ்சு யாவாரம். எந்நம்பரு எப்படியோ ஒங்ககிட்ட இருந்துருக்கு."

அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். தனியாக ஒரு இலையில் உட்கார்ந்து, ரசம்வரை மரியாதையாகச் சாப்பிட்டார். கிளம்பும்போது, "நாளைக்கு ஞாயித்துக்கெழம, எல்லாரும் வீட்ல இருப்பாக. போய்ப் பாத்துட்டுப் போங்க. வீடு தேடிப் போனா யாரும் மூஞ்சியத் திருப்ப மாட்டாக" என்றார்.

மீதிச் சாப்பாட்டுக்கு மாரியப்பன் பக்கத்து மாந்தோப்பில் வேலை செய்கிறவர்களைக் கூட்டிவந்தார். பெண்கள் பாதிப்பேர் அந்த வெள்ளை உறை நாற்காலியில் உட்காரத் தயங்கி, தரையில் உட்கார்ந்தார்கள். ஒரு அம்மாள் பாயசத்தை வாங்கிக்கொண்டே, "என்ன விசேசம் தாயி?" என்று கேட்டார். சும்மாதான் என்றேன். "நல்லாருங்க" என்று வாழ்த்தினார். அன்றைக்கு என்னை வாழ்த்தியவர் அவர் ஒருவர்தான்.

ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது மணி. அறையைக் காலி செய்து, இயந்திரத்தை மாரியப்பன் பொறுப்பில் விட்டுவிட்டு, நாளெல்லாம் சுற்ற ஆயிரத்து இருநூறு ரூபாய்க்கு ஆட்டோ பேசிக்கொண்டேன். முதலில் ராஜபாளையத்தில் ராஜுக்கள் தெருவில் ஒரு வீடு. வீட்டுக்கார அம்மாள்தான் தறிக்கணக்கு பார்க்கிறவர். "ரண்டி, ரண்டி" என்று தெலுங்கில் வாய் நிறைய அழைத்து, காபி கொடுத்து, எனக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டு, கணவரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். போனில் இயந்திரத்தின் வீடியோவைக் காட்டினேன். இருவரும் இரண்டு தடவை பார்த்தார்கள்.

"மிஷினு நல்லாத்தான் இருக்கு. ஒரு வாரம் முந்தி வந்து சொல்லிருந்தா இவரே வந்துருப்பாரே! பரவால்ல. ஆடி கழியட்டும்மா. ஆவணி பெறந்ததும் பேசுவோம்" என்றார் அந்த அம்மாள்.

ஆவணியில் நான் எங்கே இருப்பேன் என்று நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கிக்கொண்டேன். இரண்டாவது வீட்டிலும் காபி, விசாரிப்பு, ஆடி கழியட்டும்.

பகல் பன்னிரண்டரை மணி. பதினொரு கிலோமீட்டர் தள்ளி ஸ்ரீவில்லிபுத்தூர். தேரடிக்குப் பக்கத்துத் தெருவில் மூன்றாவது வீடு. அவர் மற்றவர்களைவிட நுணுக்கமாகக் கேள்வி கேட்டார். கரண்ட் எவ்வளவு இழுக்கும், உறைக்கு எந்தத் தாள், பாகம் தேய்ந்தால் எங்கே கிடைக்கும் என்றெல்லாம் கேட்டார். வாங்கப்போகிறவர் கேட்கும் கேள்விகள். இருபத்தைந்து வருடமாக விற்பனையில் இருக்கிறேன், எனக்குத் தெரியாதா? கடைசியில் அவரும், "ஆடி கழியட்டும்மா" என்றபோது என்னால் தாங்க முடியவில்லை.

"சார், ஆடியிலேயே பேருக்கு ஒரு அட்வான்ஸ் மட்டும் கொடுங்க சார். இல்லேன்னா எங்க ஆபீஸையே மூடிடுவாங்க."

அவர் வீடியோ பார்த்துக்கொண்டிருந்த போனை என்னிடம் திருப்பித் தந்தார்.

"ஆபீஸே இருக்காதுன்னா, நாளைக்கு மிஷினு நின்னுபோச்சுன்னா நான் யாரம்மா தேடுவேன்?" என்று மெதுவாகக் கேட்டார்.

வாங்க இருந்தவரையும் நானே வாயைத் திறந்து விரட்டிவிட்டேன். அவர் மனைவி உள்ளே போய் அரைக்கிலோ பால்கோவாவை எடுத்துவந்து என் மடியில் வைத்தார். "ஒண்ணும் மனசுல வச்சுக்கிடாதீகம்மா" என்றார்.

நாலாவது வீட்டில் நான் இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, டீப்பாயின் மேல் பால்கோவா பாக்கெட் தயாராக இருந்தது. ஐந்தாவது வீட்டிலும் அப்படியே. எனக்கு முன்னால் சேதி போயிருக்கிறது. அழைப்புக்குத்தான் போன் ஆகாது போலிருக்கிறது, இதற்கு ஆனது. இருவருமே இயந்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாப்பிட்டீங்களா, ராத்திரிப் பயணம் வேண்டாம், வெளிச்சத்திலேயே ஊர் போய்ச் சேருங்கள் என்று அக்கறையாகச் சொன்னார்கள். துக்க வீட்டுக்காரியிடம் பேசுகிற மாதிரி தாழ்ந்த குரலில் பேசினார்கள். திட்டி அனுப்பியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

மாலை நாலு மணி, மதுரை பஸ். கிருஷ்ணன்கோயில் தாண்டும்வரை மலை கூடவே வந்தது. நான் பிறந்து வளர்ந்த சென்னைத் தெருவில் யார் வீட்டுக்கு யாரும் போவதில்லை. அழைக்காவிட்டாலும் யாரும் கோபித்துக்கொள்வதில்லை, கதவைத் தட்டினால்தான் பயப்படுவார்கள். அப்படிப்பட்ட ஊரிலிருந்து வந்து, வாசல்படி ஏறினாலே விருந்தாளியாக்கிவிடுகிற ஊரில் தோற்றுப் போயிருக்கிறேன். இன்னொரு தடவை வந்தால் எப்படி வர வேண்டும் என்று இப்போது நன்றாகத் தெரியும். அந்த இன்னொரு தடவைதான் இல்லை.

திங்கட்கிழமை, காலை பத்து மணி. ஆபீஸ் மேஜையில் பையை வைத்துவிட்டு முகம் கழுவப் போனேன். திரும்பி வருவதற்குள் செல்வம் பையைப் பார்த்துவிட்டான். இனிப்பு பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, பல்லெல்லாம் தெரிய நின்றான்.

"மேடம், எத்தனை புக்கிங்?"

"முதல்ல சாப்பிடுப்பா" என்றேன்.

பிரித்து ஒரு விள்ளல் வாயில் போட்டுக்கொண்டு, இன்னொரு பாக்கெட்டைத் தன் மனைவிக்கு என்று சாப்பாட்டுப் பைக்குள் எடுத்து வைத்தான். நான் எம்.டி.க்குப் போன் போட உள்ளறைக்குப் போனேன்.