நான் மாற்றாத வாஷர்

பதினெட்டு வருஷம் ஓடிய எங்கள் வேனை நானேதான் பிரித்துப் பூட்டுவேன். நாமக்கல்லில் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் கூலி கொடுக்க எனக்கு மனம் வராது. ஒருமுறை பிரேக் ஆயில் கசிந்தது. சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே ரப்பர் வாஷர் தேய்ந்திருந்தது. புதிது வாங்கியிருக்க வேண்டும். துடைத்துவிட்டுப் பழையதையே போட்டேன்.

மறுநாள் மனைவியோடு ஆட்டையாம்பட்டிக்கு ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பினேன். வழியில் ஓர் இறக்கத்தில் பிரேக் பிடிக்கவேயில்லை. வண்டி புளியமரத்தில் மோதியது. அவள் உட்கார்ந்திருந்த பக்கம்தான் நசுங்கியது.

ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்த அவளுடைய அண்ணன், "எப்படி ஆச்சுங்க மாப்ள?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே, "நாய் குறுக்க ஓடியாந்துருச்சுங்கண்ணா, அவரு என்ன பண்ணுவாரு?" என்று சொல்லிவிட்டாள். நானும் தலையாட்டினேன்.

அவர் போனதும், "ஏம்புள்ள அப்படிச் சொன்னே?" என்றேன்.

"நீங்க அழுதுட்டு இருந்தீங்க."

முழங்காலில் பிளேட் வைத்தார்கள். இரண்டு வருஷமாகியும் அவளால் மாடிப்படி ஏற முடியவில்லை. அவள் அண்ணனிடம் நான் இன்னும் உண்மையைச் சொல்லவில்லை.