பட்டிக்கு எத்தனை கால்?

போன புதன்கிழமை ஓர் எட்டு வயதுப் பெண்ணை ‘மந்தபுத்தி’ என்று எழுதிவிட்டேன். நல்லவேளை... பென்சிலில்.

நான் கல்வி உளவியல் படிப்பது இந்தப் பக்கத்தை விடாமல் படிக்கிறவர்களுக்குத் தெரியும். கடைசி டெர்மில் ஒரு பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து குழந்தைகளைச் சோதிக்க வேண்டும். மேலே ஒரு சூப்பர்வைசர். நாங்கள் குழந்தைக்கு மார்க் போடுவோம். அவர் எங்களுக்குப் போடுவார். எனக்குக் கிடைத்தது பாலக்காட்டு எல்லையில் எருத்தேன்பதிப் பக்கம் ஒரு தமிழ்ப் பள்ளி. சோதனைத் தாளோ மலையாளத்தில். “தமிழ் அறியுமல்லோ? நீயே தமிழில் சொல்லிக்கோ” என்று சூப்பர்வைசர் மாஷ் அனுப்பிவிட்டார். (மாஷ் என்றால் எங்கள் பக்கம் வாத்தியார்.)

தமிழ் தெரியாமல் என்ன? வீட்டில் பேசுவது தமிழ்தானே! படித்தது மட்டும் பாலக்காட்டில், முதல் வகுப்பிலிருந்து மலையாளம்.

இருந்தாலும் பயம். முதல் நாள் ராத்திரி என் மூன்று வயது மகனை உட்கார வைத்து ஒத்திகை பார்த்தேன். மூன்று கேள்வி கேட்டேன்; மூன்றுக்கும் “பிஸ்கட்” என்றான். அவனைப் பற்றிய கவலையையும் பையில் போட்டுக்கொண்டு காலை பஸ் ஏறினேன்.

அந்தப் பெண்ணின் பெயர் தங்கமணி. மூன்றாம் வகுப்பு. வகுப்பில் வாயே திறப்பதில்லை என்று புகார். சோதனையில் தேறாவிட்டால் ஒன்றாம் வகுப்பில் கொண்டுபோய் உட்கார வைப்பதாகப் பேச்சு. அப்படி நடந்தால் பள்ளிக்கூடமே வேண்டாம், ஆடு மேய்க்கட்டும் என்று அவள் அம்மா சொல்லியிருந்தாள்.

நான் தாளையும் பென்சிலையும் எடுத்து வைத்தேன். தங்கமணி சாவகாசமாக ரிப்பனைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

“பட்டிக்கு எத்தனை கால்?” என்று ஆரம்பித்தேன்.

“இருபத்திரண்டுங்க டீச்சர்.”

பென்சிலால் தப்புப் போட்டேன். மறுபடி கேட்கக் கூடாது என்பது விதி. அடுத்ததைக் கேட்டேன். இரண்டு பட்டி இருந்தால்?

கொஞ்சமும் யோசிக்கவில்லை. “நாப்பத்தி நாலுங்க.”

சரி, பட்டிக்கு வால் எத்தனை?

இதற்கு அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு, பெரியவர்கள் மனம் நோகக் கூடாதே என்கிற மாதிரி மெதுவாகச் சொன்னாள்: “பட்டிக்கு ஏதுங்க டீச்சர் வாலு?”

தொடர்ந்து மூன்று தப்பு வந்தால் சோதனையை நிறுத்திவிட வேண்டும். நிறுத்தினேன். விதி என்றால் விதிதான், இல்லையா?

மறுநாள் சூப்பர்வைசர் மாஷ் வந்தார். முடிவைப் பெற்றோரிடம் நான் எப்படிச் சொல்கிறேன் என்று பார்க்க வேண்டுமாம். அதற்கும் மார்க் உண்டு. தங்கமணியையும் கூட்டிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனோம். வழியெல்லாம் ‘மந்தம்’ என்பதற்கு மென்மையான ஒரு வார்த்தை தேடிக்கொண்டே நடந்தேன்.

அவள் அம்மா வாசலில் மாட்டுக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருந்தாள். எங்களை வரச்சொல்லிவிட்டு மகளிடம் திரும்பினாள்.

“கண்ணு, பட்டில ஒரு கால் சாஞ்சு கெடக்குது பாரு. ஆடு வெளிய வந்துரப் போகுது.”

நான் திரும்பிப் பார்த்தேன்.

வீட்டை ஒட்டி ஆடு அடைக்கிற பட்டி. சுற்றிலும் மூங்கில் படல். படலைத் தாங்கிக்கொண்டு வரிசையாக நட்ட கால்கள். எண்ணினேன். நின்றது இருபத்தொன்று. சாய்ந்து கிடந்தது ஒன்று.

மலையாளத்தில் பட்டி என்றால் நாய். என் மகன் தெருவில் நாயைப் பார்த்தால் “அம்மா, பட்டி” என்றுதான் கூவுவான்; நானும் தலையாட்டுவேன். அது தமிழில்லை என்று எனக்கு எங்கே உறைத்தது? தாளில் இருந்த எல்லா வார்த்தையையும் கவனமாகத் தமிழாக்கினேன் — அந்த ஒன்றைத் தவிர! அதுகூடப் போகட்டும்... இருபத்திரண்டை ஒரு நொடியில் இரட்டிப்பாக்கிய குழந்தைக்கு எந்த ஊரில் மந்தபுத்தி?

பேசாமல் இருந்தால் மாஷுக்குத் தெரியப்போவதில்லை. என் மார்க்கும் பிழைக்கும். ஆனால் அந்தக் கால் சாய்ந்து கிடந்ததே, அதைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். என்ன கேட்டேன், அவள் என்ன சொன்னாள், வால் உட்பட.

மாஷ் பட்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பிறகு தங்கமணியிடம் குனிந்தார்.

“எங்க வீட்டுப் பட்டிக்கு நாலு கால்தான், மோளே.”

அவள் கல்லால் சாய்ந்த காலைத் தட்டி இறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து அவரைப் பாவமாகப் பார்த்தாள்.

“நாலு கால்ல நிக்காதுங்க சார். ராவுல நரி வந்துரும்.”

திரும்பி வருகிற வழியெல்லாம் மாஷ் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு வந்தார். பள்ளிக்கூடத்தில் புதிதாக ஒரு தாள் எடுத்து, ‘நாய்’ என்று கேட்டு, சோதனையை முழுசாக நடத்தினேன். தங்கமணி மூன்றாம் வகுப்பிலேயே இருக்கிறாள். கணக்கில் அவளை யாரும் சீண்ட வேண்டாம் என்று வாத்தியாரிடம் சொல்லிவிட்டும் வந்தேன்.

பழைய தாளில் ‘மந்தபுத்தி’யைத் தாள் கிழிகிற அளவுக்கு ரப்பரால் அழித்தேன்.

மாஷ் என்னைப் பற்றி எழுதியதுதான் அழியாது. அவர் பேனாவில் எழுதுகிறவர்.