காற்று விசாரித்த கண்டக்டர்

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே ஓடிய ஒரு தனியார் பஸ்ஸில் கோதண்டபாணி பதினெட்டு வருஷமாகக் கண்டக்டர். ஆள் தங்கமானவர். ஏறுகிற கிழவிகளுக்குக் கூடையைத் தூக்கிக் கொடுப்பார், அழுகிற குழந்தைக்கு விசிலை ஊதிக் காட்டுவார். ஒரே ஒரு குறை, அதுவும் வருஷத்தில் இரண்டு தடவைதான். மாசியிலும் ஆவணியிலும் மனுஷனுக்குத் தும்மல் வந்துவிடும்.

வந்தால் வந்துவிட்டுப் போகட்டும் என்று வேறு ஊராக இருந்தால் விட்டிருப்பார்கள். நம் ஊரில் விடுவார்களா? ஒற்றைத் தும்மல் தடங்கல், இரட்டையாக வந்தால் பாதகமில்லை. கோதண்டபாணிக்கு வருவதெல்லாம் ஒற்றை. ஒன்று வரும். கால் மணி நேரம் கழித்து இன்னொன்று வரும். அதுவும் புது ஒற்றையாகத்தான் சேரும். "ரைட்" சொல்லும்போது தும்மிவிட்டால் டிரைவர் நடராசன் எஞ்சினையே அணைத்துவிடுவார். பெண் பார்க்கக் கிளம்பிய ஒரு கூட்டம் விக்கிரவாண்டியில் இறங்கி, தண்ணீர் குடித்து, உட்கார்ந்து, அடுத்த பஸ்ஸில் போனதுகூட உண்டு.

இதையெல்லாம் சிரித்தே சமாளித்தவர்தான். போன ஆவணியில் அந்தச் சிரிப்பு போய்விட்டது. மகள் காந்திமதிக்கு நிச்சயதார்த்தம். தாம்பூலத் தட்டைக் கையில் எடுத்து நீட்டிய அந்த நிமிஷத்தில் ஒன்று வெடித்தது. மாப்பிள்ளையின் தாய்மாமன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். அவர் பின்னால் ஒரு வேன் ஜனம் எழுந்தது. இன்னொன்று வந்துவிடாதா என்று கோதண்டபாணி மூக்கைத் தேய்த்தார், சூரியனை அண்ணாந்து பார்த்தார். பாழாய்ப்போனது வரவில்லை. மறுநாள் காலையில் காந்திமதி வழக்கம்போல அவருக்குச் சோறு கட்டிக் கொடுத்தாள். அதுதான் அவரைக் கொன்றது.

விழுப்புரத்தில் ஒரு டாக்டரிடம் போனார். "ஏதோ ஒரு பூவோட மகரந்தம் காத்துல வந்து உங்க மூக்குல ஏறுது. எந்தப் பூன்னு நீங்கதான் பார்க்கணும். வெளிநாட்டுல இதை ரேடியோவுலயே சொல்றான், இன்னிக்கு இவ்ளோ மகரந்தம்னு" என்றார் டாக்டர்.

அந்தக் கடைசி வாக்கியம் கோதண்டபாணியைப் பிடித்துக்கொண்டது. விடிகாலை நடையில், முண்டியம்பாக்கம் தாண்டி இரண்டு பக்கமும் கரும்பு அசைய, ஜன்னலோரக் கம்பியில் சாய்ந்து நிற்கும்போது அவர் காதுக்குள் அந்த ரேடியோ பாடத் தொடங்கிவிடும். செய்திகள் முடிந்து ஒரு பெண் குரல் சொல்லும்: விழுப்புரம் சுற்று வட்டாரத்தில் இன்று மகரந்தம் குறைவு, திண்டிவனத்தில் மிதம், கூட்டேரிப்பட்டில் கோதண்டபாணி கவனமாக இருக்கவும். அந்தக் குரல் அவ்வளவு கனிவாக இருக்கும். பஸ் அப்படியே தரையை விட்டு எழும்பி மஞ்சள் மூட்டத்துக்குள் மிதப்பது போலிருக்கும். அப்புறம் யாராவது "கண்டக்டர், ஸ்டாப்பிங்!" என்று கத்துவார்கள்.

நிஜ ரேடியோ வறண்ட வானிலை என்பதோடு முடித்துக்கொள்ளும். பஞ்சாங்கத்தில் ராகு காலம் உண்டு, எமகண்டம் உண்டு, பூந்தூள் கிடையாது. அதனால் அவரே விசாரிக்க ஆரம்பித்தார். சீட்டைக் கிழித்துக் கொடுக்கும்போதே, "உங்க ஊர்ல இன்னா பூத்திருக்குது?" என்று கேட்பார். சிலர் முறைத்தார்கள். சிலர் கோயில் பூச்செடி வரைக்கும் சொன்னார்கள். கூட்டேரிப்பட்டு டீக்கடை மாசிலாமணிக்கு இளகின மனசு. "இன்னிக்கு ஒண்ணும் இல்லண்ணே, தைரியமா போங்க" என்றே தினமும் சொல்வார். அவர் சொல்லி முடிப்பதற்குள் தும்மல் வரும். அன்பு இருந்தால் போதுமா, தகவல் சரியாக இருக்க வேண்டாமா?

கடைசியில் அகப்பட்டவள் சவுரியம்மாள். மரக்காணம் சாலையில் சவுக்குத் தோப்புக்கு நடுவே குடிசை. செவ்வாயும் சனியும் கருவாட்டுக் கூடையோடு திண்டிவனத்தில் ஏறி விழுப்புரம் சந்தைக்குப் போவாள். கூடையை மூடிய வெள்ளைத் துணிமேல் மஞ்சளாக மாவு படிந்திருந்த ஒரு நாளில் கோதண்டபாணி அதைத் தொட்டார். அடுத்த மூச்சில் தும்மினார்.

"இது இன்னாம்மா தூளு?"

"சவுக்கு பூத்திருக்குது கண்டக்டரே. காத்து அடிச்சா பொகை மாதிரி கெளம்பும். சோத்துல விழும், தண்ணியில விழும். உங்களுக்கு ஆவாதா?"

அன்றிலிருந்து அந்தத் துணிதான் அவருக்கு ரேடியோ. துணி மஞ்சளாக வந்தால் அந்த வாரம் பேஜார். வெளுப்பாக வந்தால் மூக்கு நிம்மதி. மாசி முழுவதும் பரிசோதித்துப் பார்த்தார், ஒரு தடவைகூடப் பிசகவில்லை.

ஆவணியில் வல்லத்திலிருந்து காந்திமதிக்கு மறுபடியும் ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை பட்டாளத்தில் வேலை. அந்த மாதத்தோடு லீவு முடிகிறது. தள்ளிப்போட வழியே இல்லை. இதுவும் உடைந்தால் அப்புறம் யாரும் அந்த வாசலில் கால் வைக்க மாட்டார்கள் என்று மனைவி அஞ்சம்மாள் வாய்விட்டே சொன்னாள். ஜோசியர் மூன்று நாள் குறித்துக் கொடுத்தார். மூன்றையும் எடுத்துக்கொண்டு கோதண்டபாணி சவுரியம்மாளிடம் போனார்.

அவள் சிரித்தாள். "பூ எனக்கு லெட்டரா போடுது? ஆனா ஒண்ணு. முத ரெண்டு நாளும் வேணாம், தோப்பு இப்பதான் வெடிச்சிக்கினு இருக்குது. மூணாவத வச்சிக்குங்க, அதுக்குள்ள மழ எறங்கிடும். மழ பேஞ்ச மறுநாளு தோப்பு கழுவி வுட்டாப்புல இருக்கும். கடல் காத்து மத்தியானந்தான் ஏறும். அதுக்கு முன்ன தட்ட மாத்திப்புடுங்க."

மூன்றாவது நாளே முடிவாயிற்று. அதற்கு முந்தின நாள் சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை சாயங்காலமே வானம் இடிந்து கொட்டிவிட்டது. சனிக்கிழமை பஸ்ஸில் ஏறிய கூடையின் துணி புதுசாகத் துவைத்தது போல இருந்தது. கோதண்டபாணிக்குக் கண் கலங்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வீட்டுக் கூடத்தில் வல்லத்து ஜனம் நிறைந்திருந்தது. காற்றில் ஒரு பொட்டுத் தூள் இல்லை. உள்ளறைக் கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, எத்தனையோ நாளைக்கப்புறம் மூச்சை நன்றாக இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார் கோதண்டபாணி. எல்லாம் கனவு போல மெதுவாக நடந்தது. புரோகிதர் லக்னப் பத்திரிகை வாசித்தார். எல்லாத் தலையும் அந்தக் காகிதத்தின் பக்கம் குனிந்திருந்தது. தட்டு கைக்கு வந்தது.

அப்போது ஒரு தும்மல் கேட்டது. அவருடையது இல்லை. கதவுக்குப் பின்னாலிருந்து வந்தது. மூக்கைப் பிடித்து, தொண்டையில் அமுக்கி, முந்தானையில் மூடியும் மீறி வந்த சின்னத் தும்மல். அப்படி அமுக்கத் தெரிந்தவர் அந்த வட்டாரத்தில் தான் ஒருவர்தான் என்று அவர் நினைத்திருந்தார். உள்ளே நின்ற காந்திமதியின் சடையில் அவள் அத்தை தூள் உதிரும் தாழம்பூ மடலை வைத்துத் தைத்திருந்தாள்.

"யாரு அது?" மாப்பிள்ளையின் அம்மா நிமிர்ந்தாள்.

கோதண்டபாணியின் துண்டு அதற்குள் மூக்குக்குப் போயிருந்தது.

"நான்தாங்க. எனக்கு எப்பவும் சோடியாத்தான் வரும். செத்த இருங்க, அடுத்தது வந்துக்கினு இருக்குது."

தட்டில் இருந்த வெற்றிலை பறக்க இன்னொன்று தும்மினார். போன வருஷம் வரவழைக்கத் தெரியாமல் தவித்த அதே மனுஷன், பொய்யாகத் தும்மலாம் என்று கனவிலும் நினைக்காதவர், அன்றைக்கு நிஜத்தையே தோற்கடிக்கிற மாதிரி ஒன்றைத் தும்மினார்.

"ரெட்டையா? அப்ப நல்லதுதான். ஜல்தி தட்ட மாத்துங்க" என்றார் மாப்பிள்ளையின் பெரியப்பா. தட்டு மாறியது.

சாப்பாடு முடிந்து, வேன் கிளம்பி, அஞ்சம்மாள் பாத்திரங்களோடு கிணற்றடிக்குப் போன பிறகு அவர் உள்ளறைக்குப் போனார். காந்திமதி சடையிலிருந்து தாழம்பூவைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். மூக்கு சிவந்திருந்தது.

"எத்தினி வருஷமாம்மா?"

"ஆறாவது படிக்கிறப்பலேர்ந்துப்பா."

"ஏன் சொல்லல?"

"வூட்ல நீ ஒருத்தன் தும்மறதுக்கே அம்மா அழுவுது. நானும் தும்முனா தாங்குமா? அமுக்கிக்குவேன். முடியலன்னா கரும்புக் கொல்லைக்குள்ள ஓடிடுவேன்."

ஏறி இறங்கிய ஊரையெல்லாம் கேட்டவர், சோறு கட்டிக் கொடுத்த பெண்ணை ஒரு நாளும் கேட்கவில்லை. தன் மூக்கைத் தவிர வேறு மூக்கே உலகத்தில் இல்லை என்று இருந்துவிட்டோமே என்று வெட்கமாக இருந்தது. எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"இப்ப தும்மு. யாரும் இல்ல. வாய் வுட்டுத் தும்மு."

அவள் நம்பாமல் பார்த்தாள். அப்புறம் தும்மினாள். ஓடு அதிர்கிற தும்மல்.

"நூறு" என்றார் கோதண்டபாணி, தொட்டில் குழந்தை தும்மினால் ஆயுசு கூட்டி வாழ்த்துவார்களே, அதே மாதிரி. அடுத்தது வந்தது. "எரநூறு." அப்புறமும் வந்தது. கண்ணில் நீர் வழிய, சிரிப்பும் தும்மலும் கலந்து அவள் குலுங்கிக்கொண்டிருக்க, அவர் நிறுத்தாமல் எழுநூறு வரைக்கும் சொல்லிக்கொண்டே போனார்.