அடெலினா வண்டியின் கீச்சுச் சத்தம்

கை மட்டும்தான் வெளியே தெரியும். வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடக்கும் திபோ, விரல்களை விரித்து ஒரு கையை வெளியே நீட்டினால் எல்லோரும் வாயை மூட வேண்டும் என்று அர்த்தம். ஓட்டுநர்கள் சீட்டாட்டத்தை நிறுத்த மாட்டார்கள், குரலை மட்டும் தாழ்த்துவார்கள். நான் அதுவும் செய்வதில்லை. வண்டி நிலையத்தை ஒட்டிய என் சாப்பாட்டுக் கடையில் நான் சட்டி கழுவுவதற்கு யாருடைய உத்தரவும் எனக்கு வேண்டாம். சற்று நேரத்தில் தேவாலயத் திருப்பத்திலிருந்து கீச், கீச் என்று கேட்கும். கை உள்ளே போய்விடும்.

"எலி வந்தாச்சு!" என்று சீட்டாடும் ஓட்டுநர்களில் கோகோய் கத்துவான். எலி என்பது அடெலினாவின் ஜீப்னி.

இலோய்லோ நகரத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் எங்கள் ஊர் ஜீப்னிகளுக்கெல்லாம் கிரீஸ் அடிப்பவர் திபோ. ஸ்டியரிங் மூட்டுகள், முன்சக்கரத்துக் கிங்பின்கள், பட்டை ஸ்பிரிங்கைத் தாங்கும் பின்கள் என்று வண்டியில் எதெல்லாம் அசைகிறதோ அதெல்லாம் அவர் பொறுப்பு. கிரீஸ் ஏற்றுவதற்கென்று ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன இரும்புக் காம்பு உண்டு. இடுப்பில் செருகிய துணியால் அதைத் துடைக்காமல் கிரீஸ் கன்னை அதில் வைக்கவே மாட்டார். அவசரப்படுகிற ஓட்டுநர்களிடம், "மொதல்ல வாயத் தொடைக்கணும்ப்பா, அப்புறந்தான் ஊட்டணும்" என்பார். உள்ளே கிடக்கும் கறுத்த கிரீஸ் மண்ணும் தூசியுமாகப் பிதுங்கி வெளியே வந்து, அதன் பின்னால் புதுக் கிரீஸ் மஞ்சளாக எட்டிப் பார்க்கும் வரை விட மாட்டார். பட்டை ஸ்பிரிங் என்றால் வண்டியை ஜாக்கியில் தூக்கிப் பாரத்தை இறக்கிவிட்டுத்தான் அடிப்பார். இல்லாவிட்டால் கிரீஸ் பின்னைச் சுற்றிலும் ஏறாதாம்.

ஐம்பதைத் தாண்டியவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என் கடையில் தினமும் ஒரே மூலை, ஒரே சாப்பாடு: சோறும், வினிகரில் வேகவைத்த மீனும். சாப்பிடும் முன் சலவைத் தூளும் மரத்தூளும் சேர்த்துக் கையைத் தேய்த்துக் கழுவுவார். அடெலினா வருகிற நாளில் அந்தக் கழுவல் முழங்கை வரைக்கும் போகும். "என்னண்ணே, இன்னிக்கு ஞானஸ்நானமா?" என்று கேட்டால் தட்டைப் பார்த்துச் சிரிப்பார்.

அடெலினா, புருஷன் பெனிங் இறந்த பிறகு அவன் வண்டியைத் தானே ஓட்ட ஆரம்பித்தவள். கழுத்தில் துண்டு, வாய் நிறையச் சிரிப்பு. வண்டி நெற்றியில் 'பெனிங் – அடெலினா' என்று அவன் எழுதிவைத்த சிவப்பு எழுத்து இன்னும் மங்கவில்லை. நிலையத்தில் திபோவை அண்ணே என்று கூப்பிடாத ஒரே ஆள் அவள்தான். எனக்கு அது ரொம்ப நாளாகவே உறுத்தியது.

"ஏன் திபோ, போன வாரம் அடிச்ச கிரீஸ் அதுக்குள்ள எங்க போச்சு? மறுபடியும் கத்துதே!"

"அந்தப் பின்னோட ராசி அப்படி. திங்கக்கெழம கொண்டாங்க, பாத்துடலாம்."

திங்கட்கிழமை வருவாள். புதன்கிழமை வண்டி மறுபடியும் கத்தும்.

அது பின்னின் ராசி அல்ல. நான் குந்தி உட்கார்ந்து தட்டு கழுவுகிற இடத்திலிருந்து வண்டியின் அடிப்பக்கம் முழுக்கத் தெரியும். எல்லா மூட்டுக்கும் வஞ்சனையில்லாமல் ஊட்டுகிறவர், பின்பக்கத்து இடது பட்டையின் பின்னுக்கு வந்ததும் மாறிவிடுவார். வாயைத் துடைப்பார், கன்னை வைப்பார், பிடியைப் பாதி அழுத்திவிட்டு எடுத்துவிடுவார். பின் தேயாமல் இருக்க அது போதும். சத்தம் அடங்கத்தான் போதாது. ஸ்டியரிங் மூட்டில் இந்த விளையாட்டெல்லாம் கிடையாது. அங்கே அவளுடைய உயிர் இருக்கிறது. இந்தப் பின் கத்தினால் அவள் ஊருக்குள் எங்கே போனாலும் இவருக்குக் கேட்கும். அப்புறம் அவளே திட்டிக்கொண்டு வந்து நிற்பாள்.

சொல்லித் தொலைத்தால்தான் என்ன என்று எனக்கு ஆத்திரமாக வரும். ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டேன்.

"வண்டி நெத்தியில பெனிங் பேரு இருக்கே, லுர்திஸ்" என்றார். கிரீஸ் கன்னை எடுத்துக்கொண்டு அடுத்த வண்டிக்கு அடியில் நுழைந்துவிட்டார்.

போன சனிக்கிழமை அடெலினா சிரிக்காமல் வந்தாள். அந்தீக்கேயில் கட்டிக்கொடுத்த மகளுக்கு இது நிறைமாதம். மருமகனுக்குக் கரையிலிருந்து சந்தைக்கு மீன் ஏற்ற ஒரு வண்டி வேண்டும். இருவரும் சேர்ந்து இவளை அங்கேயே வந்துவிடச் சொல்லிவிட்டார்கள். வீட்டையும் காலி செய்தாகிவிட்டது, சாயங்காலம் புறப்பாடு.

"கடலோர ரோடு. உப்புக் காத்து வேற. நல்லா அடிச்சு விடுங்க, திபோ. அங்க உங்கள மாதிரி ஆளு கெடைப்பாங்களோ என்னமோ."

சொல்லிவிட்டு அவள் நகரவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கெடைப்பாங்க" என்றார் இவர்.

கையிலிருந்த தட்டை அந்த மனிதர் மண்டையில் போடலாமா என்று இருந்தது எனக்கு. சாயங்காலத்துக்குள் சொல்லாவிட்டால் இனி எந்தக் காலத்தில் சொல்வது?

வேறு வண்டி எதையும் அன்று அவர் தொடவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கும் வரவில்லை. ஒவ்வொரு மூட்டாக முடித்துக் கடைசியில் அந்த இடது பின்னுக்கு வந்தார். கன்னை மார்பின் மேல் வைத்துக்கொண்டு வெகுநேரம் அப்படியே படுத்துக் கிடந்தார். பிறகு அந்தக் காம்பைத் துடைத்தார், திரும்பவும் துடைத்தார். கன்னை வைத்துப் பிடியை முழுசாக அழுத்தினார். விடாமல் அழுத்தினார். இத்தனை வருஷமாக உள்ளே இறுகிக் கிடந்த கறுப்பெல்லாம் கட்டி கட்டியாக அவர் சட்டையில் விழுந்தது. பின்னாலேயே மஞ்சள் கிரீஸ் வந்தது. ஒரு தடவை மூக்கை உறிஞ்சினார். கிரீஸ் நெடிக்கு அப்படி ஆகாது.

அடெலினா வண்டியைக் கிளப்பினாள். நிலையத்து வாசல் மேட்டில் எப்போதும் பெரிதாகக் கத்தும் வண்டி, சத்தமில்லாமல் ஏறி இறங்கியது. உடனே நிறுத்திவிட்டு இறங்கி வந்தாள்.

"சத்தம் வரலையே."

"சரி பண்ணிட்டேன்."

"இத்தன வருஷமா ஆகாதது இன்னிக்கு ஆயிடுச்சாக்கும்?"

அவர் இடுப்புத் துணியை உருவிக் கையைத் துடைத்தார். அவள் திரும்பிப் போய், தன் இருக்கைக்கு அடியில் கையை விட்டு, துணி சுற்றிய எதையோ எடுத்துவந்து அவர் கையில் வைத்தாள். துணியை விலக்கினார். ஒரு கிரீஸ் கன்.

"பெனிங்கோடது. எங்கெங்க அடிக்கணும்னு அவரு எனக்கு எப்பவோ காட்டிக் குடுத்துட்டாரு. அந்தப் பின்னுக்கு என்ன நோவுன்னும் எனக்குத் தெரியும்" என்றாள். அப்புறம் குரல் இறங்கிப்போய், "நானும் ஒரு தடவகூட அடிக்கல, திபோ" என்றாள்.

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வண்டியில் ஏறிவிட்டாள். அவர் உதடு அசைந்தது போலிருந்தது. அதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. என்ன செய்வதென்று தெரியாதவர் போல அந்தக் கன்னின் பிடியை ஒரு தடவை அழுத்தினார். உள்ளே கிரீஸ் கல்லாகிக் கிடந்தது, ஒன்றும் வரவில்லை.

ஜீப்னி தேவாலயத் திருப்பத்தை நெருங்கியது. திபோ தலையைச் சாய்த்து, விரல்களை விரித்து, ஒரு கையை உயர்த்தினார்.

நான் குழாயை மூடினேன்.