தண்ணீர்ப் பரலில் மிதந்த பந்து

கொழும்பு வெள்ளவத்தையிலுள்ள எங்கள் வீட்டின் பல்கனிக் கதவைப் பல வருடங்களாக ஒரு பந்துதான் பிடித்துக்கொண்டிருக்கிறது. பின்னேரங்களில் கடல் பக்கமிருந்து காற்று எழும்பினால் அந்தக் கதவு படாரென்று அடிக்கும். இரண்டு தரம் கண்ணாடி உடைந்த பிறகு பந்தைக் கொண்டுபோய் அடியில் வைத்தேன். கருநீல நிறம், உள்ளே வெள்ளைப் புகை கலைந்து போனது போலக் கோடுகள். ஒரு பக்கத்தில் மூன்று துளைகள். உலக வரைபடத்தை யாரோ அழித்துவிட்டுப் போன பூகோளம் என்று ஒரு நண்பர் சொன்னார். தேங்காய்க்கும் மூன்று கண் உண்டு என்பதால் என் அம்மா கடைசிவரை அதை ‘நீலத் தேங்காய்’ என்றே சொல்லிவந்தார். நீண்ட பலகைத் தரையில் உருட்டிவிட்டு, மறுமுனையில் நிற்கும் பத்துக் கட்டைகளை விழுத்தி விளையாடுகிற பௌலிங் பந்து அது. எங்கள் வீட்டில் அது ஒரு கட்டையையும் விழுத்தியதில்லை. ஒரு மனிதரை மட்டும் விழுத்தப் பார்த்தது, அதுவும் என்னால்.

யுத்த காலத்தில் எங்கள் மூன்றாவது அறையில் வாடகைக்கு இருந்த அக்காவின் பந்து அது. யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி வந்து, கனடாவிலிருக்கும் கணவரிடம் போவதற்காகக் காத்திருந்தவர். கலியாணம் முடிந்து இருபத்திரண்டு நாள்தான் சேர்ந்திருந்தார்கள். பிறகு கணவர் வெளிக்கிட்டுவிட்டார். ஆறு வருடமாகக் கடிதம்தான் குடும்பம். வெள்ளவத்தையில் அப்போது வீட்டுக்கு வீடு இப்படிக் காத்திருப்பவர்கள் இருந்தார்கள். அக்கா காத்திருந்த விதம் வேறு. அவசரமே இருக்காது. பகல் முழுவதும் பல்கனியில் நின்று, தண்டவாளத்துக்கு அப்பால் தெரியும் ஒரு துண்டுக் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பார். பாதி நித்திரையில் நடமாடுகிறவர் போலிருக்கும். கணவரின் முகம் சில நாள் மறந்துபோகிறது என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். “கை மட்டும் மறக்கேல்ல, தங்கச்சி. பெரிய கை. என்ர கை அதுக்குள்ள காணாமப் போயிடும்.”

நான் அப்போது கொட்டாஞ்சேனையில் ஒரு தமிழ்ப் பத்திரிகை அலுவலகத்தில் ஒப்புநோக்குகிற வேலையில் இருந்தேன். வாரமலரில் அறிவியல் துணுக்குப் பகுதியும் என் தலையில்தான். நடைபாதைக் கடைகளில் பழைய வெளிநாட்டுச் சஞ்சிகைகளை வாங்கி, அதிலிருந்து சின்னச் சின்னச் செய்திகளைத் தமிழில் எழுதுவேன். அந்தத் துணுக்குகள் என் மண்டைக்குள் கொஞ்சம் காற்றடித்திருந்தன என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். தேநீர் ஆறுவதற்கும், காகம் கரைவதற்கும் என்னிடம் விளக்கம் இருந்தது. அக்காவின் கணவர் கிழமை நாட்களில் தொழிற்சாலையிலும், சனி ஞாயிறுகளில் பௌலிங் மண்டபம் ஒன்றிலும் வேலை செய்தார். விளையாட வருகிறவர்களுக்குச் சப்பாத்துக் கொடுத்து, திருப்பி வாங்கி, உள்ளே மருந்தடிக்கிற வேலை. அதைக் கேட்ட உற்சாகத்தில் ‘மிதக்கும் பந்து’ என்று ஒரு துணுக்குப் போட்டேன். பௌலிங் பந்துகள் எல்லாம் ஒரே பருமன்தான், பாரம் மட்டுமே வேறு. பன்னிரண்டு இறாத்தலுக்குக் குறைந்தவை தண்ணீரில் மிதக்கும், கூடியவை தாழும். அவ்வளவுதான் பத்திரிகையில் இடமிருந்தது. மூலக் கட்டுரையில் இன்னொரு பத்தி இருந்தது. அதை நான் வாசிக்கக்கூட இல்லை.

அந்த நாட்களில்தான் அக்காவின் கணவரிடமிருந்து விசித்திரமான கடிதம் ஒன்று வந்தது. வலது கையைத் தாளில் விரித்து வைத்து, சுற்றிக் கோடு கீறி அனுப்பச் சொல்லியிருந்தார். ஒவ்வொரு விரல் மொழியிலும், அதாவது கணுவிலும், எத்தனை சுற்றளவு என்று நூல் பிடித்து அளந்தும் எழுத வேண்டுமாம். அம்மாவுக்கு ஒரு சந்தேகமுமில்லை. “காப்பும் மோதிரமும் செய்யப் போறார், பிள்ளை. வேறென்னத்துக்கு?” என்றார். குளிருக்குக் கையுறை என்று நான் தீர்ப்புச் சொன்னேன். அக்கா சிரித்துக்கொண்டே கீறினார். முதல் தாளில் பேனை வழுக்கிச் சுண்டுவிரல் கோணிப்போனதால் இரண்டாவது தாளில் கீறி அனுப்பினார். எதையும் எறியத் தெரியாத அம்மா, கோணிய தாளை மருந்துப் பெட்டியின் அடியில் விரித்துவிட்டார்.

சில மாதம் கழித்துக் கப்பலில் பெட்டி வந்தது. கூடவே ஒரு சிறு கடிதம்: “ஒரு சாமான் வருது. பத்திரமா வைச்சிரும்.” நானும் அக்காவும் ஒருகொடவத்தைச் சுங்கக் கிடங்குக்கு எடுக்கப் போனோம். சவர்க்காரம், சொக்கலேட், துவாய்களுக்கு நடுவில் அந்த நீலப் பந்தைக் கண்ட சுங்க அதிகாரி, இரண்டு கையாலும் தூக்கி மேசையில் வைத்து, எங்களை ஏற இறங்கப் பார்த்தார். இது என்ன என்று சிங்களத்தில் கேட்டார். பௌலிங் பந்து என்றேன். அவர் பக்கத்தில் நின்ற பொலிஸ்காரரிடம், கிரிக்கெட்டில் இதைப் போட்டால் துடுப்பாட்டக்காரருக்கு அடுத்த இன்னிங்ஸ் கிடையாது என்றார். இருவரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். எங்களைக் கண்டு பொலிஸ் சிரிப்பது அபூர்வம் என்பதால் நாங்களும் சிரித்தோம். பெட்டியில் ஒரு சோடிக் கம்பளிக் கையுறையும் இருந்தது. அக்காவுக்கு அது தொளதொளவென்று கிடந்தது. கையளவு அனுப்பியும் இப்படிப் பெரிதாக வாங்கியிருக்கிறாரே என்று வீட்டுக்கு வந்ததும் அம்மா குறைப்பட்டார். ஆனாலும் கை கீறிய விஷயம் எங்கள் மூவருக்கும் அத்தோடு முடிந்துவிட்டது.

மிதக்குமா தாழுமா என்று பார்க்க வேண்டும் என்று நான்தான் குதித்தேன். தண்ணீர் வெட்டுக்காகக் குளியலறையில் பரல் என்று நாங்கள் சொல்லும் பெரிய நீலப் பீப்பாய் ஒன்று நிரப்பி வைத்திருப்போம். அக்கா பந்தை மெல்ல இறக்கினார். ஒருகணம் உள்ளே போய், மூச்செடுப்பதற்கு வருவது போல மேலே வந்து நின்றது. அம்மா “முருகா!” என்றார். மேல் ஜன்னலால் வந்த வெயில் தண்ணீரில் ஆட, பந்து தானாக மெதுவாகத் திரும்பியது. புகைக்கோடுகள் மேகம் போல நகர்ந்தன. மூன்று பேரும் பரலைச் சுற்றி நின்று பார்த்தோம். வெளியே வீதியில் பொலிஸார் அடையாள அட்டை கேட்டுக்கொண்டிருந்தார்கள். உள்ளே எங்களுக்கு அந்தப் பரலே ஆகாயமாக இருந்தது. அக்காவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. “இதைத்தானே ஒவ்வொரு கிழமையும் அவர் தொட்டிருப்பார்” என்றார்.

அந்த இடத்தில் நான் வாயை மூடியிருக்க வேண்டும். மண்டைக்குள் இருந்த காற்று விடவில்லை. “மிதக்குது எண்டா பாரம் குறைவு, அக்கா. ஆம்பிளையள் இதைவிடப் பாரமானதுதான் உருட்டுவினம். இங்க பாருங்கோ, எட்டு எண்டு அடிச்சிருக்கு. இது அவரின்ர பந்தில்லை. ஆரோ பொம்பிளையின்ர” என்றேன். விடுகதைக்கு விடை சொன்ன பெருமையில் சொன்னேன். அக்கா பந்தை வெளியே எடுத்துச் சேலைத் தலைப்பால் துடைத்தார். பெருவிரலையும் நடு இரண்டு விரல்களையும் துளைகளில் விட்டார். வெண்ணெயில் விட்டது போல் இறங்கின. அப்படியே தூக்கிப் பிடித்தார். “அவளுக்கும் என்ர கையளவுதான் போல” என்றார்.

வெளிநாட்டில் இன்னொரு குடும்பம் வைத்திருக்கும் கணவர்களின் கதை வெள்ளவத்தையில் எல்லா மாடிகளிலும் ஏறி இறங்கிக்கொண்டிருந்த காலம் அது. மனைவிக்கு ஒரு மனிதன் சேலை அனுப்புவான், சங்கிலி அனுப்புவான். பந்து அனுப்புவான் என்று எங்கள் மூவரில் ஒருவருக்கும் தோன்றவேயில்லை. தூதரகத்தில் அக்காவின் நேர்முகத்துக்குப் பதினொரு நாள் இருந்தது. அதற்குப் போகப்போவதில்லை என்று இரண்டாம் நாள் சொல்லிவிட்டார். சண்டையில்லை, அழுகையில்லை. எடுத்து வைத்த சேலையைத் திரும்ப மடித்து உள்ளே வைத்தார். பந்து கட்டிலுக்குக் கீழே போனது. பல்கனியில் நிற்பதையும் விட்டுவிட்டார். அம்மா என்னோடு கதைக்கவில்லை. சோற்றைப் போட்டு வைத்துவிட்டு மற்றப்பக்கம் திரும்பிக்கொள்வார். ஒரு துணுக்கால் ஒரு குடும்பத்தைக் குலைத்துவிட்டேன்.

எட்டாம் நாள், அலுவலகத்தில் அந்தப் பழைய சஞ்சிகையைத் தேடி எடுத்தேன். ஆண்களும் சில நேரம் எட்டு இறாத்தல் பந்து பாவிப்பார்கள் என்று ஒரு வரியாவது கிடைக்காதா என்ற ஆசைதான். அப்படி எதுவும் இல்லை. கடைசிப் பத்தியில் வேறொன்று இருந்தது. சொந்தப் பந்து வாங்குகிறவருக்குக் கடையில் கையை விரித்து அளந்து, விரல் மொழிகளின் பருமனையும் பார்த்து, அதற்கேற்றபடிதான் துளையிடுவார்களாம். ஒருவருடைய பந்து இன்னொருவர் கைக்குப் பொருந்துவது அரிதாம். இரண்டாம் முறையும் வாசித்தேன். ஆசிரியரிடம் ஒன்றும் சொல்லாமல் சஞ்சிகையோடு ஓடிப்போய் பஸ் ஏறினேன். கொள்ளுப்பிட்டியில் எல்லோரையும் இறக்கிப் பைகளைச் சோதித்தார்கள். சஞ்சிகையை ஏன் நெஞ்சோடு பிடித்திருக்கிறாய் என்று பொலிஸ்காரி கேட்டபோது எனக்குச் சிங்களம் ஒரு சொல்லும் வரவில்லை.

வீட்டுக்குள் போனதும் நேரே அக்காவிடம் போகவில்லை. மருந்துப் பெட்டியைக் கவிழ்த்தேன். மாத்திரைகள் தரையெல்லாம் ஓடின. அடியில் கிடந்த தாளை எடுத்துக்கொண்டு கட்டிலுக்குக் கீழே குனிந்து பந்தை இழுத்தேன். அக்கா எழும்பி உட்கார்ந்தார். கோணிய சுண்டுவிரலோடு இருந்த அந்தக் கையைப் பந்தின்மேல் போர்த்தி, பெருவிரலின் மொழியை ஒரு துளையில் வைத்தேன். நடு இரண்டு விரல்களின் மொழிகளும் மற்ற இரண்டு துளைகளின் விளிம்பில் போய் உட்கார்ந்தன. “உங்கட பந்து, அக்கா” என்றேன். அக்கா தாளையும் பந்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எட்டு நாள் அழாத அழுகையை அழுதார். “ஒரு சொல்லு எழுதக் கூடாதே இந்த மனிசன்” என்று திட்டிக்கொண்டே அழுதார். வாசலில் நின்ற அம்மா, மாத்திரைகளைப் பொறுக்கத் தொடங்கினார்.

நேர்முகத்தில், கணவர் கடைசியாக என்ன அனுப்பினார் என்று கேட்டார்களாம். அக்கா பந்தின் கதையைச் சொல்ல, மொழிபெயர்த்தவர் பாதியில் நிறுத்தி, உண்மையாகவா என்று கேட்டாராம். அனுமதி வந்தது. விமானத்தில் பாரம் கொண்டுபோக முடியாது; பந்தை என்னிடம் விட்டுவிட்டு, “பத்திரமா வைச்சிரு, தங்கச்சி” என்று அவருடைய சொல்லையே எனக்குச் சொல்லிவிட்டுப் போனார். அன்று இரவே என் விரல்களை விட்டுப் பார்த்தேன். பெருவிரல் இறுகிப்போய், எடுப்பதற்கு எண்ணெய் பூச வேண்டியிருந்தது.

போன வருடம் அக்காவும் கணவரும் வந்திருந்தார்கள். அவரை நான் அன்றுதான் முதன்முதலில் கண்டேன். உண்மையிலேயே பெரிய கை. ஏன் ஒரு வரி எழுதவில்லை என்று கேட்டேன். “எழுதியிருந்தா, காசு வீண், வேண்டாம் எண்டிருப்பா. அங்க சனி ஞாயிறு சோடி சோடியா வருவினம். வந்த உடன கூட்டிக்கொண்டு போவமெண்டு நினைச்சன்” என்றார். போனீர்களா என்றேன். அவர் அக்காவைப் பார்த்தார். வந்த அடுத்த கிழமையே அக்காவும் மீன் பதப்படுத்தும் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். ஒருவருக்குப் பகல் வேலை, மற்றவருக்கு இரவு. பிறகு பிள்ளைகள், வீட்டுக் கடன். ஒருநாளும் போகவில்லை.

அக்கா கதவடியில் குந்தி, துளைகளில் விரல்களை வைத்தார். முதல் மொழியோடு நின்றுவிட்டன. இத்தனை வருடக் குளிர்த் தண்ணீரில் மொழிகள் எல்லாம் வீங்கித் தடித்துப்போயிருந்தன. இன்னொரு தரம் முயன்று பார்த்தார். கணவர் பக்கத்தில் வந்து குனிந்து, அந்தக் கையைத் தன் கைக்குள் எடுத்து மூடிக்கொண்டார். அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“என்ர பழைய கை இஞ்சதான் நிக்குது, தங்கச்சி. கதவைப் பிடிச்சுக்கொண்டு” என்றார்.

கொண்டுபோகச் சொன்னேன், வேண்டாம் என்றுவிட்டார்கள். இப்போதும் பின்னேரம் காற்று எழும்பும்போது கதவு ஒருதரம் அதிர்ந்து, பந்தில் முட்டி, திறந்தபடியே நிற்கிறது.